வண்ணப் படத்தைக் காட்டிய டாக்டர் மறுபடி ஏன் கறுப்பு வெள்ளைக்குப் போனார்?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் பதினான்கு வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். என் தம்பி அங்கேயே ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. நான்கு நாள் முன்பு நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது கவரைப்பேட்டை பக்கம் ஜி.என்.டி. ரோட்டில் டிரெய்லர் உரசிக் கீழே விழுந்துவிட்டான். வலது இடுப்பில் பந்துக்கிண்ணம் உடைந்திருக்கிறது. சென்னையில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் கம்ப்யூட்டரில் அவனுடைய இடுப்பெலும்பை அப்படியே கலரில் காட்டினார். தொடை எலும்பைத் தனியே கழற்றி வைத்து, கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். உடைந்த துண்டு எனக்கே புரிந்தது. ஆனால் மறுநாள் போனபோது அவரும் இன்னொரு டாக்டரும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையே அரை மணி நேரம் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாள் கழித்து ஆபரேஷன் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது இன்னும் என்ன சந்தேகம்? எங்கள் வேலையில் டிராயிங் வந்துவிட்டால் ஜாப் அதன்படிதான் வரும். ஆபரேஷனும் அந்தப் படத்தின்படியே நடக்குமா? வேறொரு இடத்தில் விசாரித்தபோது, எலும்பைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துப் பார்த்துத்தான் செய்வோம், அதற்குத் தனிப் பணம் என்றார்கள். அது அவசியமா? இந்த சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறதாமே, நானே போட்டுப் பார்க்கலாமா?
— ஓர் அண்ணன், புதுகும்மிடிப்பூண்டி

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்ணப் படத்தைக் காட்டிவிட்டு மறுநாள் கறுப்பு வெள்ளைப் படத்தில் அரை மணி நேரம் செலவழித்த டாக்டரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் எலும்பு அறுவை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஆகியிருந்தால் நான் தேடிப் போவது அப்படிப்பட்ட டாக்டரைத்தான்.

நீங்கள் டூல் ரூம்காரர் என்பதால் காரணத்தை விளக்குவது எனக்குச் சுலபம். உங்களிடம் டிராயிங் முதலில் வருகிறது, ஜாப் பிறகு வருகிறது. அளவுகளை எல்லாம் யாரோ முடிவு செய்து, எழுதி, கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எங்களிடம் வருவது உடைந்த ஜாப். அதற்கு டிராயிங்கே கிடையாது. உடைந்ததை அளந்து நாங்களேதான் ஒரு டிராயிங் உண்டாக்குகிறோம். நீங்கள் பார்த்த கலர் படம் அதுதான். அதை உண்டாக்கும்போது சாஃப்ட்வேர் சில முடிவுகளை எடுக்கிறது. என்ன முடிவு எடுத்தது என்று தெரியாமல் படத்தை நம்பினால் ஆபத்து.

தம்பிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் இயந்திரம் எலும்பைப் ‘படம் பிடிப்பது’ இல்லை. உடலை மெல்லிய வில்லைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வில்லையையும் மிகச் சிறிய பெட்டிகளாகக் கூறு போட்டு, ஒவ்வொரு பெட்டியும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டி எலும்புக்கு 1000-க்கும் மேல். இந்த எண்களுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு என்று பெயர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. இசைத்தட்டுகள் அந்தக் கம்பெனியுடையவைதான். அவருடைய இயந்திரத்தில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார்கள். 1979-இல் ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். மருத்துவப் பட்டமே இல்லாத ஒரு தொழிற்சாலை ஆள் எங்கள் தொழிலையே மாற்றினார் என்பதை சிப்காட்டில் இருந்து எழுதும் உங்களுக்குச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆக, ஸ்கேன் தருவது எண்கள். டாக்டர்கள் ஓட்டிப் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம் அந்த எண்களுக்கு மிக நெருக்கமானது. எண் கூடினால் வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. வண்ண முப்பரிமாணப் படத்துக்கு இன்னொரு வேலை நடக்கிறது. ‘இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் எலும்பு, கீழே இருந்தால் எலும்பு இல்லை’ என்று ஒரு கோடு கிழிக்கிறார்கள். 200 என்றோ 250 என்றோ வைப்பார்கள். உங்கள் கோ, நோ-கோ கேஜ்தான் இது. ஒவ்வொரு பெட்டியும் பாஸ் அல்லது ஃபெயில். பாஸானவற்றின் மேல் ஒரு தோல் போர்த்தி, வெளிச்சம் விழுவதுபோல் நிழல் கொடுத்து, மஞ்சள் நிறம் பூசினால் தம்பியின் இடுப்பெலும்பு திரையில் வந்துவிடும். அந்தத் தோலைப் போர்த்தும் கணக்கு முறையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1987-இல் வெளியிட்டார்கள். இன்றும் அதன் வழித்தோன்றல்கள்தான் ஓடுகின்றன.

கேஜில் எங்கே தவறு நடக்கும் என்பதை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். எலும்பில் மயிரிழை விரிசல் ஒன்று. அதன் அகலம் ஒரு பெட்டியின் அகலத்தைவிடக் குறைவு. அந்தப் பெட்டிக்குள் முக்கால் பங்கு எலும்பு, கால் பங்கு இடைவெளி. இயந்திரம் இரண்டையும் சேர்த்துச் சராசரி எண் ஒன்றைக் கொடுக்கும். அது 250-க்கு மேல் இருந்தால் பெட்டி பாஸ். வண்ணப் படத்தில் விரிசல் இருந்த சுவடே இருக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கண்குழியின் அடித்தளம் போன்ற எலும்புகள் காகிதம் போல மெலிந்தவை. அங்கே ஒரே பெட்டிக்குள் கொஞ்சம் எலும்பும் நிறைய சதையும் விழும். சராசரி குறைந்து பெட்டி ஃபெயில் ஆகும். ஓட்டையே இல்லாத இடத்தில் திரையில் ஓட்டை தெரியும். அதை முறிவு என்று நினைத்து ஆபரேஷனுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

இதோடு முடியவில்லை. வில்லையின் தடிமன் 5 மில்லிமீட்டராக இருந்தால் எலும்பின் மேற்பரப்பு படிக்கட்டு மாதிரி வரும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று சாஃப்ட்வேர் அதை வழவழப்பாக்கும். நீங்கள் எமரி போட்டுப் பிசிறை எடுப்பது போலத்தான். ஆனால் எங்களுக்கு வேண்டியதே அந்தப் பிசிறுதான். உடைந்த விளிம்பின் கூர்மையையும் எமரி தேய்த்துவிடும். உடலில் இரும்புத் துணுக்கோ பழைய பிளேட்டோ இருந்தால் அதைச் சுற்றி நட்சத்திரம் போல் கீற்றுகள் கிளம்பி, பக்கத்து எலும்பின் எண்களைக் கெடுத்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். முப்பரிமாணப் படங்கள் எங்கள் கைக்கு வந்த புதிதில், உங்கள் தம்பியுடையதைப் போன்ற ஒரு கேஸ். இளம் லாரி டிரைவர். கிண்ணத்தின் பின்சுவர் உடைந்திருந்தது. வண்ணப் படத்தில் ஒரே பெரிய துண்டு, வாழைப்பழத் தோல் விரிந்த மாதிரி வெளியே திரும்பி நின்றது. உள்ளே தள்ளி ஒரு பிளேட், ஐந்தாறு ஸ்க்ரூ, இரண்டு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டேன். வில்லைப் படங்களை நான் மேலோட்டமாகத்தான் புரட்டியிருந்தேன். திறந்து பார்த்தால் பின்சுவர் மூன்று துண்டாக இருந்தது. அதைவிட மோசம், விபத்தின்போது தொடை எலும்பின் பந்து மோதிய வேகத்தில் கிண்ணத்தின் உள்விளிம்பில் ஒரு பகுதி குருத்தெலும்போடு சேர்ந்து உள்ளே அமுங்கிப்போயிருந்தது. மண்தரையில் குதிகாலை அழுத்தினால் பள்ளம் விழுமே, அப்படி. அந்தப் பள்ளத்தைப் பந்து மறைத்துக்கொண்டிருந்ததால் வண்ணப் படத்தில் தெரியவில்லை. அமுங்கியதை மெல்ல நெம்பி எழுப்பி, பின்னால் உண்டான வெற்றிடத்தைத் தொடை எலும்பின் மேல்முனையில் இருந்து எடுத்த எலும்புத் துகளால் நிரப்பி முடிக்கக் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரவு திரும்பி வந்து அந்தக் குறுக்கு வில்லைகளை எடுத்துப் பார்த்தேன். பள்ளம் இரண்டே வில்லைகளில், ஆனால் தெளிவாக, இருந்தது. படம் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை. அந்தப் பையன் நடந்தான். ஆனால் அன்றிலிருந்து வில்லைகளை ஒன்றொன்றாக ஓட்டிப் பார்க்காமல் நான் கத்தி எடுத்ததில்லை.

உங்கள் டாக்டர்கள் அந்த அரை மணி நேரத்தில் செய்தது இதைத்தான். குறுக்குவெட்டில் ஒரு விரிசலைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை அதைப் பின்தொடர்வார்கள். எங்கே மூட்டுக்குள் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, உள்ளே தளர்ந்த துணுக்கு ஏதாவது மாட்டியிருக்கிறதா, விளிம்பு அமுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு முன்பக்க வெட்டிலும் பக்கவாட்டு வெட்டிலும் அதே விரிசலைத் தேடுவார்கள். ஸ்க்ரூவின் நீளத்தை அளப்பதும் வில்லைகளில்தான். சாய்ந்து நிற்கும் வண்ணப் படத்தின் மேல் கோடு இழுத்து அளந்தால் அளவு தப்பும்.

அப்படியென்றால் வண்ணப் படம் எதற்கு? அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடுப்பெலும்பு போல் வளைந்து முறுகிய எலும்பு உடம்பில் வேறு இல்லை. பந்தைக் கழற்றி வைத்துக் கிண்ணத்தை நேருக்கு நேர் பார்ப்பது என்பது திரையில் மட்டுமே கிடைக்கும் வசதி. முன்புறம் திறப்பதா, பின்புறம் திறப்பதா, நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பதா, ஒருக்களித்தா என்ற முதல் முடிவுக்கு அது பெரிய உதவி. மயக்க மருத்துவர், உதவி டாக்டர், தியேட்டர் சிஸ்டர் எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும். உங்களுக்கே விளங்கியதே! ஊரைச் சுற்றிக்காட்ட வண்ணப் படம், வீட்டு வாசல் எது என்று கண்டுபிடிக்க வில்லைப் படம் என்று இளம் டாக்டர்களிடம் நான் சொல்வதுண்டு.

இந்த வசதிகள் எதுவும் இல்லாத காலமும் இருந்தது. பாரிஸில் ராபர்ட் ஜூடேயும் எமில் லெட்டூர்னெலும் இடுப்புக் கிண்ண முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்து 1964-இல் எழுதியபோது ஸ்கேன் பிறக்கவில்லை. நோயாளியை 45 டிகிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து எடுத்த எக்ஸ்ரேக்களில் தெரியும் கோடுகளைக் கொண்டே முப்பரிமாணத்தை மனதுக்குள் கட்டினார்கள். மருத்துவ மாணவனாக நானும் காய்ந்த இடுப்பெலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரேயைப் பார்த்துப் பார்த்து, எலும்பின் மேல் பென்சிலால் முறிவுக் கோட்டை வரைந்துதான் பழகினேன். நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். அவருடைய அணியில் டாக்டர் பாலசுப்பிரமணியம், ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் ஸ்கேன் வருவதற்கு முன்பே, தலையில் சட்டம் பொருத்தி, எக்ஸ்ரே படத்தில் அளவெடுத்துக் கணக்குப் போட்டு, மூளையின் ஆழத்தில் குறித்த ஒரு புள்ளிக்கு ஊசியைக் கொண்டுபோனார்கள். மனதுக்குள் படம் கட்டும் அந்தப் பழக்கம் இருக்கிற கைக்குத்தான் சாஃப்ட்வேர் கருவியாகும். அது இல்லாதவருக்குத் திரையில் எவ்வளவு அழகான படம் சுழன்றாலும் பயன் இல்லை. இன்றைய பயிற்சி டாக்டர்களிடம் எனக்குள்ள ஒரே மனக்குறை, சிலர் வண்ணப் படத்தை முதலில் திறக்கிறார்கள் என்பது. வில்லைகளைப் பார்த்து முறிவை மனதுக்குள் கட்டிவிட்டு, பிறகு வண்ணப் படத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் ஏதோ இருக்கிறது.

ஆபரேஷன் படத்தின்படியே நடக்குமா என்று கேட்டீர்கள். எலும்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் நடக்கும். கிண்ணத்தின் உள்பரப்பில் மேடு பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது எங்கள் இலக்கு. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பேசும் உங்களுக்கு அது தாராளமாகத் தோன்றும். ஒரு விரல் நுழையும் இடத்தில், ரத்தம் ஊறிக்கொண்டிருக்க, தொடைச் சதை முழுப்பலத்தோடு எதிர்த்து இழுக்கும்போது அது கடினமான டாலரன்ஸ். முதல் பீஸை ரிஜெக்ட் செய்துவிட்டு இரண்டாவது பீஸ் போட எங்களுக்கு வழியில்லை.

ஆனால் அந்தப் படத்தில் எலும்பு மட்டும்தான் இருக்கிறது. கிண்ணத்தின் பின்சுவரை ஒட்டிக் கட்டைவிரல் தடிமனில் ஓடும் நரம்பு அதில் இல்லை. காலை அசைக்கும் பெரிய நரம்பு அதுதான். தம்பியால் பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா என்று டாக்டர் தினமும் கேட்பது அதற்காகத்தான். முன்பக்கம் திறந்தால் எலும்பின் உள்புறத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் இணைப்பு இருக்கலாம். அது அறுந்தால் ரத்தத்தை நிறுத்துவது கடினம் என்பதால் ‘மரணக் கிரீடம்’ என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது மெல்லியது, சிலருக்குத் தடித்தது. சாதாரண ஸ்கேனின் வண்ண எலும்பில் அது தெரியாது. மூட்டை வழுக்கவைக்கும் குருத்தெலும்பும் தெரியாது. இவற்றை எல்லாம் டாக்டர் தன் உடற்கூறு அறிவில் இருந்து படத்தின் மேல் தானே வரைந்துகொள்ள வேண்டும். நீங்கள் வார்ப்பில் உள்ளே ஊதுகுழி இருக்கும் என்று வெளியே தட்டிப் பார்த்தே சந்தேகப்படுவீர்கள் இல்லையா, அந்த மாதிரி அறிவு அது.

அடுத்து, அச்சடித்த மாதிரி எலும்பு. அது ஏமாற்று வேலை இல்லை. உடைந்த இடுப்பை உள்ளபடியே அச்சடிக்கலாம். அல்லது உடையாத இடது பக்கத்தைக் கண்ணாடியில் காண்பதுபோல் வலமாகத் திருப்பி அச்சடித்து, பிளேட்டை முந்தின நாளே அதன் மேல் வைத்து வளைத்து, ஆட்டோகிளேவில் தொற்றுநீக்கித் தயாராக வைத்துக்கொள்ளலாம். தியேட்டரில் வளைத்து, வைத்து, எடுத்து, மறுபடி வளைக்கும் நேரம் மிச்சமாகும். தாடையில் புற்றுநோய்க்காக எலும்பை வெட்டி எடுத்துவிட்டுக் கால் எலும்பைக் கொண்டு புதுத் தாடை கட்டும் ஆபரேஷனில் இதன் பயன் இன்னும் பெரியது. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் ரம்பம் போக வேண்டும் என்பதற்கு ஒரு ஜிக் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஸ்கேன் எடுத்ததற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே சில வாரம் ஓடி, கட்டி வளர்ந்துவிட்டால் அந்த ஜிக் உதவாது.

தம்பிக்கு அது அவசியமா என்றால், நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: ‘அந்த மாதிரியில் வைத்துப் பிளேட்டை முன்கூட்டியே வளைக்கப் போகிறீர்களா?’ ஆம், முறிவு பல துண்டாக இருக்கிறது, அதனால் வேண்டும் என்றால் அந்தச் செலவுக்குப் பொருள் இருக்கிறது. பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. இதற்காக மருத்துவமனையை மாற்றாதீர்கள். இடுப்புக் கிண்ண முறிவை அடிக்கடி செய்து பழகிய கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

ஐந்து நாள் தாமதமும் தவறில்லை. அடிபட்ட உடனே திறந்தால் ரத்தப்போக்கு அதிகம். காலில் எடை கட்டி, மற்ற காயங்களைப் பார்த்து, முதல் இரண்டு வாரத்துக்குள் செய்வது வழக்கம். மூன்று வாரத்தைத் தாண்டினால்தான் துண்டுகள் ஒட்டத் தொடங்கி வேலை கடினமாகும்.

இலவச சாஃப்ட்வேர் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் தொடங்கிய ‘த்ரீடி ஸ்லைசர்’ இருக்கிறது. காசு கொடுத்து வாங்க முடியாத அரசு மருத்துவமனைகளுக்காக பிரேசில் அரசின் ஆய்வு மையம் 2001-இல் தொடங்கிய ‘இன்வெசாலியஸ்’ இருக்கிறது. நம் ஊரிலும் பல இளம் டாக்டர்கள் சொந்த மடிக்கணினியில் இவற்றைப் போட்டுப் பழகுகிறார்கள். ஸ்லைசரை உருவாக்கியவர்களே, இது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சைக்கு அனுமதி பெற்றது இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்து எடுக்கும் முடிவுக்குப் பொறுப்பு பார்க்கிறவருடையது. நீங்கள் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்தால் ஒரு சோதனை செய்யுங்கள். எலும்பு எது என்று தீர்மானிக்கும் அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் நகர்த்துங்கள். விரிசல் மறைவதையும், இல்லாத ஓட்டை முளைப்பதையும் கண்ணாரக் காண்பீர்கள். எலும்பும் அதே எலும்பு, எண்களும் அதே எண்கள்; மாறியது நீங்கள் கிழித்த கோடு மட்டும்தான். முறிவின் வகையை மட்டும் நீங்களே முடிவு செய்து டாக்டரிடம் வாதாட வேண்டாம்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க நினைத்தால் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எனக்கே வாரத்துக்கு நான்கைந்து வருகின்றன. அந்தப் போட்டோவில் எண்கள் போய்விடும், அளவு போய்விடும். ஃபிலிமைத் திருப்பிப் பிடித்திருந்தால் இடமும் வலமும் மாறிவிடும். வழக்கமாக நோயாளியின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் வரும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ஸ்கேன் மையத்தில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ மூலக்கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ‘ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய வில்லைகள் அதில் இருக்க வேண்டும்’ என்று சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் தடித்த வில்லைகளை மட்டும் பதிந்து கொடுத்துவிட்டு, சில நாளில் மெல்லியவற்றைக் கணினியில் இருந்து அழித்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தம்பி ஒப்பந்தத் தொழிலாளி என்கிறீர்கள். அவருடைய மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உரிமை இருக்க வாய்ப்புண்டு. ஒப்பந்தக்காரர் பணம் கட்டியிருக்கிறாரா என்று உடனே விசாரியுங்கள். வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், வேலைக்காயமாகவே ஏற்க வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் திருத்தம் வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது நடந்தது என்பதற்கு கேட் பதிவேட்டின் நகலும் காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர். நகலும் தேவைப்படும். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சாலை விபத்து என்பதால், முதல் 48 மணி நேரச் செலவுக்கு 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பதிந்தார்களா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

நாளை ரவுண்ட்ஸ் நேரத்தில் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: உள்விளிம்பு அமுங்கியிருக்கிறதா, மூட்டுக்குள் துணுக்கு இருக்கிறதா, முன்னால் திறக்கிறாரா பின்னால் திறக்கிறாரா. கேட்பதற்குத் தயங்காதீர்கள். வில்லைகளை அரை மணி நேரம் பார்த்தவர் இவற்றுக்கு உட்காரவைத்துப் பதில் சொல்வார். குறுந்தகட்டின் மேல் தம்பியின் பெயர், வயது, தேதி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.